இரண்டு வரிக்குள்

செவ்வாய்க்கிழமை லெனர்ட் பாஷ்லி இறந்துபோனார்,
இங்கிலாந்தில், எண்பத்தொரு வயதில், தூக்கத்தில்.
ஓவுலு நகரில் அப்போது மைனஸ் பத்தொன்பது.
சூரியன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷம்
வியாழன் தோறும் இரவு ஏழரைக்கு
அவர் இந்த ஊரில் ரயில் நிலைய குமாஸ்தா.
தொலைந்த பொருள்களுக்குக் காவல்.
ஒன்றையும் ஒருநாளும்
உரியவரிடம் ஒழுங்காகச் சேர்த்ததில்லை.
குடை கேட்டு வந்தவருக்குக் கிளிக்கூண்டு.
பல்செட் கேட்டு வந்தவருக்கு
யாருடையதோ பல்செட்:
"போட்டுத்தான் பாருங்களேன்."

அவர் பேசியதையெல்லாம் ஃபின்னிஷில் எழுதியது நான்.
திரைக்கு அடியில் இரண்டு வரி,
வரிக்கு முப்பத்து மூன்று எழுத்து.
எங்கள் மொழியில் சில சமயம்
ஒரு சொல்லே அவ்வளவு நீளம்.
அதனால் பாதிச் சிரிப்பை
எல்லையிலேயே இறக்கிவிட்டு வந்தேன்.
மீதிப் பாதி
அவர் வாய் திறக்குமுன் திரையில் விழும்.
இங்கே ஜனங்கள் அவரைவிட ஒரு நொடி முந்திச் சிரித்தார்கள்.

தெருவில் கிடக்கும் ஒற்றைக் கையுறையை
எடுத்து வேலிக்கம்பில் மாட்டிவைப்பது எங்கள் வழக்கம்.
நிலையத்துக் கம்பியில் முதல் கையுறையை
யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை.
புதன் மாலை நாற்பது.
சனிக்கிழமை எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று.
எல்லாவற்றிலும் ஓர் அட்டை,
எல்லா அட்டையிலும் அவருடைய அந்த வாக்கியம்:
யாராவது வருவாங்க.

பனி உடைக்கும் கப்பலின் எந்திரக்காரர்
தைஸ்தோ கீவெலா சீருடையோடு வந்தார்.
மனைவி போன வருஷம்
வியாழக்கிழமைகளில் மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாராம்.
சொல்லிவிட்டு,
சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டார்.
பல் மருத்துவர் அவுலிக்கி
கையுறைக்குப் பதில் ஒரு பல்செட்டைத் தொங்கவிட்டார்.
கம்பி அதிரச் சிரித்தோம்.
அப்புறம் கொஞ்ச நேரம்
எல்லோருக்கும் ரயில் அட்டவணையைப்
படிக்கவேண்டியிருந்தது.

நான் வாயே திறக்கவில்லை.
ஏனென்றால், அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

முதல் வருஷம், மூன்றாம் வாரம்.
ஒலிநாடா கரகரக்கிறது.
விடிந்தால் ஒப்படைக்கவேண்டும், மகளுக்குக் காய்ச்சல்.
வந்தவர் திறந்துபோட்டுப் போன கதவைப் பார்த்து
அவர் வாய்க்குள்ளேயே எதையோ முனகுகிறார்,
வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் முனகுவார்களே, அப்படி.
பதினாறு தடவை ஓட்டிக் கேட்டேன்.
பிறகு அந்தக் கண்ணைப் பார்த்து
நானாக எழுதினேன்.

நான்கு வருஷம் கழித்து மூலப் பிரதி வந்தது.
"கதவைச் சாத்துங்கப்பா, குளிருது."
அவ்வளவுதான்.
வாராவாரம் அதேதான்.

அதற்குள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் அது ஏறியிருந்தது.
கல்லறைக் கல் ஒன்றிலும்.
எப்படித் திருத்துவேன்?

திங்கட்கிழமை நிலையத்தார் கம்பியைச் சுத்தம் செய்தார்கள்.
விதிப்படி எல்லாம்
நிஜமான தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போயின,
எண் போட்டு, மூன்று மாதத் தவணையில்.
குளிர் தாங்காமல் என்னுடையதை வாங்கப் போனேன்.
ஈத்து ரொங்கைனென், இருபது வயதிருக்கும்,
தொடர் ஆரம்பித்தபோது பிறந்திருக்கமாட்டான்.
"எப்ப தொலைச்சீங்க?"
"செவ்வாய்க்கிழமை."
"அடையாளம்?"
கையுறை போட்ட இடது கையை நீட்டினேன்.
அதே சாம்பல் நிறத்தில் அறுபதாவது இருக்கும்.
ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து
பொறுமையாகச் சரியானதையே எடுத்துக் கொடுத்தான்.
எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

வெளியே கால் வைத்தேன். பின்னாலிருந்து,
பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே:
"கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது."

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்,
வரிசையில் இருந்தவர்கள்
முணுமுணுக்கத் தொடங்கும்வரை.